மாமா துடைத்த மாஸ்க்

என் அக்காவின் கணவர் கார் கழுவுகிறவர். கழுவுவது பெரிய விஷயமே இல்லை, துடைப்பதுதான் தொழில் என்பார். தண்ணீரை அப்படியே காயவிட்டால் கண்ணாடியில் வட்ட வட்டமாகக் கறை நிற்குமாம். ஒரு சொட்டு விடாமல் துடைத்தாக வேண்டுமாம். முப்பது வருடம் துடைத்துத் துடைத்து ‘பளபளா’ என்றே பெயர் வாங்கிவிட்டார். கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் தன் கையால் ஒரு பிழை நடந்துவிட்டது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. காரில் கீறல் இருந்தால், "அது முன்னாடியே இருந்துச்சு சார்" என்பார். அதற்கு மேல் யாராலும் அவரை அசைக்க முடியாது.

அக்காவுக்கு நுரையீரல் பலவீனம். காலையும் மாலையும் நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் மாட்டி, ஆவியாக வரும் மருந்தை இழுக்க வேண்டும் என்றார் டாக்டர். "மெஷினை நான் பார்த்துக்கிறேன், நீ தொடாதே" என்று மாமா முன்வந்தார். அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன்! அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. மருந்துக் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் தினமும் சோப்பு போட்டு அலசுவார். அதற்கென்றே வாங்கிய துணியால் அழுந்தத் துடைத்து, அதே துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு இறுக்கி மூடுவார். மெஷினிலிருந்து கிண்ணத்துக்குக் காற்று கொண்டுபோகும் டியூபையும் விடவில்லை, உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவினார். எல்லாம் மின்னியது. அக்காவுக்கோ நாலு மாதத்தில் மூன்று தடவை காய்ச்சலும் நெஞ்சுச் சளியும். இன்னொரு தடவை வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த முறை வரும்போது மெஷினையும் கொண்டுவரச் சொன்னார்.

போனோம், நானும் கூட. நர்ஸம்மா டப்பாவைத் திறந்தார். துணி ஈரமாக இருந்தது. கிண்ணத்தின் ஓரத்தில் துணிப் பிசிறு ஒட்டியிருந்தது. டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"இதை யாரும்மா கழுவுறது?"

"நான்தாங்க" என்றாள் அக்கா, கண்ணை இமைக்காமல்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த டப்பாவின் மூடியைக்கூட அவள் திறந்ததில்லை.

"ஈரத்தோட சுத்தி மூடினா, கிருமிக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்த மாதிரிம்மா. அது மருந்தோட சேர்ந்து நேரா நெஞ்சுக்குள்ள போகுது."

அக்கா தலையைத் தலையை ஆட்டினாள். மாமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் நானே உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அவ இல்லம்மா" என்றார் மாமா. "கழுவினது, துடைச்சது, மூடினது எல்லாம் நான்தான். எனக்குச் சொல்லுங்க."

நர்ஸம்மா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கையைக் கழுவிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். கிண்ணத்தையும் மாஸ்க்கையும் கழற்றி, சோப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி அலச வேண்டும். மெஷினோடு வந்த புத்தகத்தில் கொதிக்க வைக்கலாம் என்று போட்டிருக்கும் பாகங்களை மட்டும் தினம் ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கலாம். டியூபுக்குள் தண்ணீரே போகக்கூடாது, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்றார். பிறகு எல்லாவற்றையும் நன்றாக உதறி, சுத்தமான துணியில் பரப்பி, தானாகக் காயவிட வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் டப்பா.

"துடைக்கவே கூடாதா?" என்று மாமா மூன்று தடவை கேட்டார். கூடாது என்று மூன்று தடவையும் பொறுமையாகச் சொன்னார் நர்ஸம்மா.

அன்றிலிருந்து கிண்ணம் காயும்வரை மாமா கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். பார்க்கப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் வரும். இரண்டு மாதமாகக் காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை.

போன வாரம் அக்கா கேட்டாள்: "நான்தான் ஏத்துக்கிட்டேனே, அப்புறம் நீங்க ஏன் வாயைத் திறந்தீங்க? அந்தம்மா முன்னாடி உங்களுக்குத் தலைகுனிவு வேண்டாம்னுதானே அப்படிச் சொன்னேன்?"

மாமா மாஸ்க்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீ சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. கொஞ்ச நேரம் நானே அதை நம்பிட்டேன். அப்புறம்தான் பயம் வந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் நான் பழையபடியே துடைச்சிருப்பேன். நீயும் பார்த்துக்கிட்டு சும்மாதான் இருந்திருப்பே."