கிருத்திகை நாள் சாம்பார்

எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று நோண்டாமல் விடாத பிறவி நான். சின்ன வயதில் அம்மா என்னைத் திட்டியதில் பாதி இதற்காகத்தான். பிறகு இதையே படித்து, சயன்ஸ் டீச்சர் என்று பட்டமும் வாங்கிவிட்டேன். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனதும் புத்தி இன்னும் கெட்டுப்போனது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தெற்கேயிருந்து தாம்பரத்துக்கு வந்தேன். சேலையூரில் பள்ளிக்கூடம். மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரு அறை. அறைக்குள் ஸ்டவ் பற்றவைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரம்மாவின் கண்டிஷன். அதனால் காலைச் சாப்பாடு தினமும் மார்க்கெட்டை ஒட்டியிருந்த ஓட்டலில்தான். ஓட்டல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மேஜை, முன்னால் கல்லா, சுவரில் நாள் கிழிக்கும் காலண்டர், பின்னால் புகை கக்கும் அடுக்களை. மூட்டை தூக்குகிறவர்கள், லாரியில் காய் கொண்டுவருகிறவர்கள், முதல் மின்சார ரயிலுக்கு ஓடுகிற ஆபீஸ்காரர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றபடியே விழுங்குவார்கள். முட்டைக்கோஸ் வாசனையும் தோசை வாசனையும் ஒன்றாகக் கலந்து அடிக்கும். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும்.

தனியாக வருகிற பெண் கூடத்தில் உட்காரக் கூடாது. எனக்கென்று 'ஃபேமிலி ரூம்' இருந்தது. ரூமாவது மண்ணாவது! ஒரு மூலையை மரப்பலகையால் அடைத்து, அழுக்குப் பச்சைத் திரை போட்டிருந்தார்கள். ஒரு குடும்பமும் இல்லாமல் ஃபேமிலி ரூமில் தினமும் நான் ஒருத்தி. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடைவெளி. அதன் வழியே அடுக்களை முழுவதும் தெரிந்தது. அதற்குப் பிறகு என்னைக் கூடத்தில் உட்காரச் சொல்லிக் கெஞ்சியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

அடுக்களையின் ராஜா சரக்கு மாஸ்டர். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு துண்டு, தோளில் ஒரு துண்டு, அதிகம் பேசாத மனிதர். அவர் வைக்கிற சாம்பாருக்காகவே பல்லாவரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர்கள் இருந்தார்கள். அடுப்பில் இருக்கிற பண்டத்தை அவர் வாயில் வைத்துப் பார்க்கவே மாட்டார். ருசி பார்த்தால் பாத்திரமே எச்சில் ஆகிவிடும் என்பது அங்கே சட்டம். முதலாளி அதைக் கல்லாவில் உட்கார்ந்தபடி பெருமையாகச் சொல்லுவார்.

"எங்க மாஸ்டர் கரண்டியை நாக்குல வைக்க மாட்டார் டீச்சர். ஆவியை மோந்து பார்த்தே உப்பு ஒரு கல் குறைச்சல்னு சொல்லிடுவார். மூக்குதான் சார் அவருக்கு சொத்து!" என்று எனக்கும் பக்கத்தில் நின்ற ஆபீஸ்காரருக்கும் சேர்த்து ஒருநாள் சொன்னார்.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உப்புக்கு ஏது வாசனை? வகுப்பில் நாக்கின் படம் போட்டு, நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பிள்ளைகளுக்கு ஒப்பிக்கிறவள் நான். ஆவியில் உப்பு எப்படித் தெரியும்?

நோட்டம் விட ஆரம்பித்தேன். சாம்பார் என்றைக்கும் அமிர்தமாகத்தான் இருந்தது. ஆனால் எப்போதாவது ஒருநாள் வாயில் வைக்க முடியாது. ஒருமுறை உப்புக் கரிக்கும், இன்னொருமுறை உப்பே இருக்காது, அடுத்தமுறை புளி பல்லைக் கூசவைக்கும். பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த நாட்களைக் குறித்து வைத்தேன். நாலைந்து மாதம் ஆனதும் ஓட்டல் காலண்டரோடு ஒத்துப் பார்த்தால், அத்தனையும் கிருத்திகை! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நாளே நோட்டைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டேன்.

"சார், கிருத்திகைக்குக் கிருத்திகை உங்க சாம்பார்ல உப்பு புளி தப்புது. இங்க பாருங்க, எழுதியே வச்சிருக்கேன்."

"கிருத்திகைக்கு வெங்காயம் போட மாட்டோம் டீச்சர். அதனால அப்படித் தெரியும்."

"வெங்காயம் இல்லைன்னா உப்பு கரிக்குமா சார்?"

அவர் முகம் மாறியது. நோட்டை வாங்கி ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் படித்தார். லாரிக்காரர்கள் வேறு இரண்டு தடவை சத்தம் போட்டிருக்கிறார்களாம். எழுந்து நேராக அடுக்களைக்குப் போனார். நான் திரைக்குப் பின்னால் என் கண்டுபிடிப்பை மெச்சிக்கொண்டே இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"வர்ற கிருத்திகையிலயும் இப்படி ஆச்சுன்னா, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிடுங்க மாஸ்டர். செங்கல்பட்டுலேர்ந்து ஒரு ஆள் வேலை கேட்டு நாலு தடவை வந்துட்டுப் போயிட்டான்."

மாஸ்டர் அடுப்பையே பார்த்தபடி நின்றார். பிட்ட இட்லியை இலையிலேயே வைத்துவிட்டேன். நான் கேட்டது ஒரு கேள்வி, அவ்வளவுதானே? அதற்குப் போய் ஒரு மனிதரின் வேலையா?

அவர் மெல்ல நகர்ந்து பின்பக்க ஜன்னலுக்குப் போனதை அப்போது பார்த்தேன். ஒரு கிண்ணத்தில் சாம்பாரை ஊற்றி வெளியே நீட்டினார். வளையல் போட்ட ஒரு கை அதை வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அதே கை, மூடிய முஷ்டியாக ஜன்னலில் தெரிந்தது. அவர் தலையாட்டிவிட்டு வாளிகளில் சாம்பாரை ஊற்ற ஆரம்பித்தார்.

கையைக் கழுவியும் கழுவாமலும் பின்பக்கம் ஓடினேன். ஜன்னலுக்குக் கீழே சாக்கு விரித்து ஒரு கத்தரிக்காய்க்காரி உட்கார்ந்திருந்தாள். பீர்க்கன்கரணையிலிருந்து விடியுமுன்னே கூடையோடு வருகிறவள். நானே பல தடவை அவளிடம் காய் பொறுக்கி வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுத்திருக்கிறேன். முழங்கால் மேல் காலிக் கிண்ணத்தை வைத்திருந்தாள்.

"அக்கா, தினமும் நீங்கதான் சாம்பார் ருசி பாக்கறீங்களா?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐயே, வந்துட்டாங்கப்பா! பள்ளிக்கூடத்துல கேக்குற கேள்வி பத்தலையா உனுக்கு? உள்ள மொதலாளி கத்துனது எனக்கும் கேட்டுச்சு. நோட்டுல எழுதிகினு வந்தியாமே? உன் வாய வெச்சிகினு கம்னு இருக்கக் கூடாதா?"

அவளே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அந்த ஆளுக்கு ரெண்டு வருசத்துக்கு மின்னாடி வெசக்காய்ச்சல் வந்துச்சு. பொழச்சி வந்தாரு, மூக்கு போச்சு. நாக்கும் போச்சு. மல்லியப்பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். ஒருநாளு எங்கூடைல அடியில அழுகிப்போன கத்திரிக்கா கெடந்துச்சி, நானே மூக்கப் புடிச்சிகினு கீறேன், இந்தாளு அதையும் சேத்து அள்ளிகினு போறாரு. அப்பத்தான் புரிஞ்சிது. வெளிய சொல்லாதம்மான்னு கண்ணுல தண்ணி வுட்டாரு. மூணு பொண்ணுங்க வூட்டுல. அன்னிலேர்ந்து நான் சொல்றேன். ஒரு வெரலு காட்டுனா உப்பு, ரெண்டு வெரலுன்னா புளி, சுண்டு வெரலு காரம். கைய மூடிக் காட்டுனா சரியாக்கீதுன்னு அர்த்தம்."

"அப்போ கிருத்திகை அன்னிக்கு?"

"அன்னிக்கு நான் வெரதம். பச்சத் தண்ணி பல்லுல படாது. முருகனுக்கு நேந்துகினது, அத வுட முடியாது. அவரும் வுடச் சொல்ல மாட்டாரு."

கூனிக்குறுகிப் போய் நின்றேன். நான் கண்டுபிடித்தது அவளுடைய விரதத்தை. அதைக் கொண்டுபோய் அந்த மனிதரின் தலையில் போட்டிருக்கிறேன். முதலாளியிடம் உண்மையைச் சொல்லிக் கெஞ்சலாமா என்று நினைத்தேன். மூக்கில்லாத மாஸ்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? எதைப் பேசினாலும் இன்னும் மோசமாகும் என்று முதல்முறையாகப் புரிந்தது. அறைக்குப் போய்க் காலண்டரைப் புரட்டினேன். அடுத்த கிருத்திகை ஒரு வெள்ளிக்கிழமையில் விழுந்தது. அதுவும் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து தவக்காலத்து வெள்ளி.

எங்கள் வீட்டில் லெந்து வெள்ளிக்கிழமைகளில் மாலை ஜெபம் முடிகிறவரை எதுவும் வாயில் படாது. பன்னிரண்டு வயதில் அம்மாவோடு சேர்ந்து ஆரம்பித்தது. காய்ச்சலில் கிடந்த வருஷம்கூட நான் விட்டதில்லை. எல்லாவற்றிலும் கேள்வி கேட்கிற நான், கேள்வி கேட்காமல் செய்துவந்த ஒரே காரியம் அதுதான். ஒரு வாரம் முழுக்க மனசுக்குள் அடித்துக்கொண்டேன். துப்பிவிட்டால் விரதம் போகுமா போகாதா என்றெல்லாம் வக்கீல் மாதிரி வாதாடிப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போதே மார்க்கெட்டின் பின்பக்கம் போய் நின்றேன். கத்தரிக்காய்க்காரி குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னா டீச்சரம்மா, இன்னும் ஏதாச்சும் எழுதணுமா?" என்றாள். ஜன்னலில் மாஸ்டரின் முகம் தெரிந்தது. பழக்கதோஷத்தில் கையில் கிண்ணம். அவளைப் பார்த்தவர் விபூதியைக் கவனித்து, கிண்ணத்தைப் பின்னால் இழுத்தார். இழுத்த வேகத்தில் சாம்பார் ஜன்னல் கட்டையில் சிந்தியது.

"இங்க குடுங்க மாஸ்டர்" என்றேன்.

அவர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் கொடுத்தார்.

துப்பவில்லை. விழுங்கினேன். பொய்யாக ருசி பார்த்துவிட்டு மெய்யாக விரதம் இருந்ததாகச் சொல்லிக்கொள்ள மனசு வரவில்லை. சாம்பார் சப்பென்று இருந்தது. ஒரு விரலைக் காட்டினேன். உள்ளே போய் உப்பு அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டு மறுபடி கொண்டுவந்தார். மறுபடியும் ஒரு விரல். மூன்றாவது கிண்ணத்துக்குக் கையை மூடிக் காட்டினேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"உனுக்கும் இன்னிக்கி ஏதோ உண்டில்ல? போன வெள்ளிக்கியமை ஓட்டலுக்கே வர்லியே நீ" என்றாள் அவள்.

"ஆமாக்கா. விரதம்தான்."

"ஐயையோ! உங்க சாமி கோச்சிக்காதா?"

"தெரியல. சாயங்காலம் கேட்டுப் பாக்கறேன்."

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏழு மணிக்கு முன்பக்கம் போய், காலண்டரைப் பார்ப்பதுபோல் நின்றேன். முதலாளி கல்லாவை விட்டு இறங்கி மேஜை மேஜையாகப் போய், "சாம்பார் எப்படி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் ஒரு லாரிக்காரர் சப்ளையரைப் பார்த்து, "வாளிய இங்கயே வெச்சிட்டுப் போ மச்சான்" என்றார். முதலாளி முகமெல்லாம் பல்லாக என்னிடம் வந்தார்.

"பாத்தீங்களா டீச்சர்? ஒரு சத்தம் போட்டேன், எல்லாம் சரியாயிடுச்சு!"

நறுக்கென்று நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. "ஆமா சார்" என்று மட்டும் சொன்னேன். நான் கேள்வி கேட்காமல் நகர்ந்ததில் அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பின்பக்க வழியாகப் போனால் ஸ்டாப் கிட்டே. ஜன்னலைத் தாண்டும்போது, "டீச்சரம்மா" என்று கூப்பிட்டார் மாஸ்டர். அவர் குரலை அவ்வளவு பக்கத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன். கையில் மறுபடியும் கிண்ணம்.

"என்ன மாஸ்டர், மறுபடி ஏதாவது தப்பாயிடுச்சா?"

"இல்லம்மா. அது சரியா இருக்கு, தெரியும்." கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். "எப்படி இருக்குன்னு சொல்றீங்களா?"

"நல்லா இருக்கே!"

"அது சரி. அதான் இவங்களும் தினம் கையை மூடிக் காட்டுறாங்க. எப்படி இருக்குன்னு கேக்கறேன். ரெண்டு வருஷமாச்சும்மா. நான்தான் வைக்கிறேன், அது எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியல."

கத்தரிக்காய்க்காரி காயைத் தண்ணீர் தெளித்து அடுக்குவதை நிறுத்தினாள். "என்னியக் கேட்டா நான் இன்னாத்தச் சொல்லுவேன்? நல்லாக்கீதுன்னு சொல்லுவேன். நீ படிச்சவ, சொல்லேன்" என்றாள்.

வருஷா வருஷம் கரும்பலகையில் நாக்கு வரைந்தவள் நான். அந்தப் படத்தில் இதற்குப் பதில் இல்லை. பஸ் ஹாரன் கேட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டு, கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

"முதல்ல புளி வருது மாஸ்டர். ரெண்டு ஓரத்துலயும் சுருக்குன்னு. உடனே பருப்பு வந்து அதை அமுக்கிடுது. முருங்கைக்காய் வாசனை தனியா இருக்கு, கத்தரிக்காய் கரைஞ்சு எங்கே போச்சுன்னே தெரியல. விழுங்கினப்புறம் தொண்டையில மிளகாய் கொஞ்ச நேரம் நிக்குது. சுடல, கதகதன்னு நிக்குது."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் உதடு லேசாக அசைந்தது.

"பெருங்காயம்?" என்றார்.

"இருக்கு. கடைசியில வருது, மூக்குப் பக்கம்."

"கொத்தமல்லி? கொத்தமல்லி அதுக்கு முன்னாடி வரணுமே. வருதா?"

அதை நான் கவனிக்கவில்லை. அவர் கண்ணைத் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தார். தெரியாமல் பதில் சொல்ல முடியாது. கிண்ணத்தைத் தூக்கி இன்னொரு வாய் குடித்தேன்.