டமால் அக்காவின் நடை

கரண்டியால் வாணலியின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அந்தச் சத்தம் தேயத் தேய உப்பு டப்பாவை நோக்கி நடக்கிறார் டமால் அக்கா. சத்தம் ஓய்வதற்கு முன்னால் கை டப்பாவைத் தொடாது. அதற்குள் அடுப்பில் வெங்காயம் கருகிவிடுகிறது. "கருகட்டும். சத்தம் போயிட்டு இருக்கறப்போ நான் ஓடக்கூடாது. பேசிட்டு இருக்கறவங்க முன்னாடி எழுந்து ஓடற மாதிரி அது" என்பார்.

அக்காவுக்குத் தொழிலே தட்டுவதுதான். இன்று உயிரோடு இருப்பவர்கள் எழுதுகிற புதிய மேற்கத்தியச் செவ்விசையை வாசிக்கும் ஒரு குழுவில் தாள வாத்தியங்கள் அவர் பொறுப்பு. பெரிய முரசு, தொங்கும் வெண்கலத் தட்டு, மரக்கட்டைகள், இரும்புத் தகடு. லாரி ஓட்டும் தம்பி வண்டி விடும் பட்டறையிலிருந்து தூக்கி வந்த, பழைய கார்ச் சக்கரத்தின் இரும்புக் கிண்ணமான பிரேக் டிரம்மும் அதில் சேர்த்தி. மாடிப்படியில் விளையாடும் பிள்ளைகள் வைத்த பெயர்தான் டமால் அக்கா.

"உன் கச்சேரி கேட்டேன்க்கா. என் வண்டி கியர் உடைஞ்ச அன்னிக்குக்கூட இவ்ளோ சத்தம் இல்ல" என்பான் தம்பி.

"அன்னிக்கு நீ சும்மா அழுதே. இங்க டிக்கெட் வாங்கி அழறாங்கடா."

பிறந்ததிலிருந்தே அவருக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. நடந்தால் ஓர் அடி நீண்டு விழும், அடுத்தது வெட்டி விழும். அதை அவர் மறைத்ததே இல்லை. பஸ்ஸில் யாராவது "ஐயோ பாவம்" என்று எழுந்து இடம் கொடுத்தால் உட்கார்ந்துகொள்வார். "பாவம்னு சொல்லாம எழுந்திருச்சா இன்னும் நல்லா உட்காருவேன்" என்று அவர்களிடமே சொல்லிவிடுவார்.

இந்த நடையைப் பார்த்துத்தான் ஓர் இசையமைப்பாளர் அவருக்கென்றே ஒரு படைப்பை எழுதினார். வாத்தியங்களை மேடை முழுக்கத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். ஒன்றை அடித்துவிட்டு அடுத்ததற்கு நடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிரேக் டிரம்முக்கே திரும்பி வர வேண்டும். இடையில் எவ்வளவு நேரம் மௌனம் என்று தாளில் இருக்காது. அக்கா நடந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறதோ, அவ்வளவுதான். அந்த நீண்ட அடியும் வெட்டிய அடியும்கூட இசையில் சேர்த்தி.

கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, மாதக்கணக்கில் பழகினார். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அவரையே ஒரு மூலையில் உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினார் அக்கா. "நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு நெஞ்சு அடிச்சுக்குதும்மா" என்று சொல்லிவிட்டு, வந்த சண்டையை மறந்து இறங்கிப் போனார் மனிதர்.

கச்சேரிக்கு முந்தின நாள் ஒத்திகைக்குப் போனால், வாத்தியங்கள் எல்லாம் நடுமேடையில் நெருக்கியடித்துக் கிடந்தன. நடுவில் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி ஒன்று.

"உங்களுக்குச் சிரமம் வேண்டாமேன்னுதான் மேடம்" என்றார் அரங்க மேலாளர். "உட்கார்ந்தபடியே சுத்திச் சுத்தி எல்லாத்தையும் தட்டிடலாம்."

"சிரமம்னு நான் உங்ககிட்ட சொன்னேனா?"

"சொல்லல. ஆனா கேமரா இருக்கு பாருங்க. நீங்க நடக்கறது கொஞ்சம் ஒரு மாதிரி தெரியுது. ஜனங்க இசையை விட்டுட்டுக் காலையே பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். இசை அங்கதான் இருக்கு."

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குச் சரிப்படலன்னா சொல்லிடுங்க மேடம். வாசிக்க வேற ஒருத்தர் தயாரா இருக்காரு."

அதே மேடையில் வயலின்காரர் கண்ணை மூடி, உடம்பை வளைத்து, புயலில் அகப்பட்ட மரம் போல ஆடுகிறார். அது உணர்ச்சியாம். பியானோக்காரர் இருக்கையை விட்டு ஒரு சாண் எழும்பிக் குதிக்கிறார். அதற்குத் தனியாகக் கைதட்டல். அவர்களை யாரும் கயிறு கட்டி உட்கார வைக்கவில்லை. அவர்கள் ஆடாவிட்டாலும் ராகம் கெடாது. அக்கா நடக்காவிட்டால் இந்தப் படைப்பே இல்லை. ஆனாலும் அவருடைய கால் அசைந்தால் மட்டும் அது 'ஒரு மாதிரி'. நேராக நடக்கிறவர்களுக்குத்தான் மேடை என்றால், அதை வாசலிலேயே எழுதி ஒட்டிவிடலாமே! கருணை என்ற பெயரில் நாற்காலி எதற்கு?

வீட்டில் தம்பி சமாதானம் சொல்லிப் பார்த்தான். "விட்டுத்தள்ளுக்கா. உட்கார்ந்தே தட்டிட்டு வா. கைதட்டு அதேதானே?"

அக்கா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "வண்டிய ஓரமா நிறுத்தி வச்சுட்டு ஹாரனை மட்டும் அடிச்சா, சரக்கு போய்ச் சேருமாடா?"

தம்பி தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

மறுநாள் மாலை அரங்கு நிறைந்திருந்தது. விளக்குகள் மேடைக்குத் திரும்பின. வாத்தியங்கள் நெருக்கியடித்தபடியே இருந்தன. நாற்காலியும் இருந்தது. அக்கா நேராக நாற்காலியிடம் போனதும், பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற மேலாளரின் முகம் மலர்ந்தது.

அக்கா குனிந்தார். பிரேக் டிரம்மைத் தூக்கி நாற்காலியின் மெத்தை மேல் வைத்தார். இடது காலால் ஓர் உதை விட்டார். நாற்காலி கடகடவென்று உருண்டு, மேலாளரின் கண் முன்னாலேயே, மேடையின் கடைசி மூலையில் போய் முட்டி நின்றது. அக்கா பெரிய முரசை ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு, அவசரமே இல்லாமல் பிரேக் டிரம்மை நோக்கி நடக்கத் தொடங்கினார்.