பிரிக்காத நீர்யானை

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பச்சைத் துணிப் பொட்டலத்தை மூக்கு உரசும் தூரத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் ஒட்டியிருக்கும் நாடாவைப் பார்க்கிறார் நீராவி அக்கா. நாடாவில் சாய்வாகக் கோடுகள் இருக்கும். ஆட்டோகிளேவ் என்கிற அந்தப் பெரிய நீராவிப் பெட்டிக்குள் போகும்போது வெளுத்திருக்கும் கோடுகள், வேண்டிய அளவு சூடுபட்டு வெளியே வந்தால் கறுத்துவிடும். கறுத்திருந்தால் உள்ளே இருக்கிற கத்தியும் கத்தரியும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகலாம். கொஞ்சம் சாம்பல் நிறமாகத் தெரிந்தாலும் அக்கா உதட்டைப் பிதுக்குவார். பொட்டலம் வந்த வழியே திரும்பும். பக்கத்திலேயே நின்று பார்த்தேன், நன்றாக வெந்திருக்கிறது என்று சத்தியம் செய்கிறவர்களை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார்.

"நீ நின்னது இருக்கட்டும். கோடு என்ன சொல்லுது?"

மருத்துவமனையின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறைதான் அவருடைய ராஜ்ஜியம். வாசலில் தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு பட்டை. அதற்கு இந்தப் பக்கம் யார் வந்தாலும் செருப்பைக் கழற்ற வேண்டும், தலையை மூட வேண்டும், வாயையும் மூட வேண்டும். பெரிய சர்ஜன் ஒருவர் அவசரத்தில் பட்டையைத் தாண்டிவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரை வெறுங்காலோடு போனதாக ஒரு கதை உலவுகிறது. அக்காவிடம் கேட்டால் சிரிக்காமல், "செருப்பு நல்ல செருப்புதான்" என்பார். மருத்துவமனையில் அவருக்குப் பயப்படாதது அந்த ஆட்டோகிளேவ் ஒன்றுதான். அதுவும் அவர் கதவைச் சாத்தினால் ஒரு முறை பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும்.

இப்பேர்ப்பட்ட மனுஷி ஒரு கார்ட்டூனுக்கு உயிரை விடுகிறார் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள் என்று ஆரம்பத்திலேயே எழுத்துப் போடுகிற கார்ட்டூன். விவாகரத்து வழக்குகளை மட்டும் எடுத்து நடத்தும் ஒரு நீர்யானை வக்கீல்தான் கதாநாயகன். கறுப்புக் கோட்டு அதன் வயிற்றைச் சுற்றி வந்து பொத்தானைத் தொட்டதே கிடையாது. குடிக்கும். நீதிபதி இருக்கையிலிருக்கும் கொக்கை அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளில் திட்டும். ஊரார் கல்யாணங்களையெல்லாம் நீதிமன்றத்தில் கிழித்துப் போட்டுவிட்டு, தன் சொந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றத் தெரியாமல் வீட்டுக்கு வந்து குளியல் தொட்டியில் உட்கார்ந்து அழும்.

அக்கா இதைப் பார்க்க ஆரம்பித்ததே தடை செய்வதற்காகத்தான். மகன் கல்லூரியில் படித்த காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தான். கதவைச் சாத்துவதும் சரியில்லை, தனியாகச் சிரிப்பதும் சரியில்லை என்று உள்ளே புகுந்தவர், பொம்மைக்கு எதற்கடா படுக்கையறைக் காட்சி என்று கத்திவிட்டு, இன்னும் எவ்வளவு அசிங்கம் வருகிறது பார்க்கலாம் என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். முழுசாகப் பார்த்தால்தானே முழுசாகத் திட்ட முடியும்? முடிந்ததும் மகன் தலையைக் குனிந்துகொண்டு திட்டுக்காகக் காத்திருந்தான். அக்கா தொண்டையைச் செருமினார்.

"அந்த ஒட்டகச்சிவிங்கிக்கு ஜீவனாம்சம் கெடைச்சுதா இல்லையா?"

அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தார்கள். அவருடைய வீட்டுக்காரர், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், எதிர்நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று காட்டிக்கொள்வார். ஆனால் அந்த நேரத்தில் பக்கம் மட்டும் திரும்பாது. நடுநடுவே, "எருமை இன்னைக்கும் அழுதா?" என்று கேட்பார். "எருமை இல்ல, நீர்யானை" என்று அக்கா திருத்துவார். வருஷக்கணக்காக அவர் கேட்டதும் இது, அவருக்குக் கிடைத்ததும் இதுதான்.

பிறகு மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. இரண்டாம் வருஷமே மருமகள் பெட்டியோடு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இரு வீட்டாரும் கூடிப் பேசிய அன்றைக்கு, மகன் வாயைத் திறப்பதற்கு முன்பே, அத்தனை பேர் எதிரில் அக்கா சொன்னார்: "தப்பு உன் மேலதான்." ஆயுளில் ஒரே ஒரு தடவை கோட்டைப் பார்க்காமல் முத்திரை குத்தினார். அதையா பெற்ற பிள்ளைமேல் குத்த வேண்டும்? அவன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். மறுநாள் வேறு ஊரில் வேலை என்று கிளம்பிப் போனவன் மூன்று வருஷமாக வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அவன் போன வாரம் அவனுடைய படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்து, ஆபரேஷனுக்குத் துணி மடிக்கிற அதே மடிப்பில் மடித்து, ஒரு பழைய பச்சைத் துணியில் சுற்றி, நாடா ஒட்டி, மேலே தேதியும் எழுதி பீரோவின் தலையில் வைத்தார் அக்கா. உன் பிள்ளைக்கு அங்கே என்ன ஆபரேஷனா நடக்கிறது என்று வீட்டுக்காரர் கேட்டார். "பிரிக்காத வரைக்கும் கெடாது" என்று சொல்லிவிட்டு அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

பேச்சுவார்த்தையே அற்றுப்போயிருக்க வேண்டியது. நீர்யானைதான் காப்பாற்றியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுப் பாகம் வரும். இங்கே இவரும் அங்கே அவனும் பார்த்து முடித்ததும் போன் அடிக்கும். ஹலோ கிடையாது, எப்படி இருக்கிறாய் கிடையாது. "பாத்தியா?" என்பான். "பாத்தேன்" என்பார். அவ்வளவுதான், பிடித்துக்கொள்வார்கள். நீர்யானை அந்த வழக்கை எடுத்திருக்கக் கூடாது என்பான் அவன். எடுக்காவிட்டால் அது சாப்பாட்டுக்கு என்ன செய்யும் என்பார் இவர். நீர்யானை தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட வாரம், முட்டையை அடியில் பிடிக்காமல் பொரிப்பது எப்படி என்று இவர் விளக்கினார், நீர்யானைக்காக. அதற்கு ரத்தக் கொதிப்பு வந்த வாரம், அவன் தானும் போய்ச் சோதித்துக்கொண்டதாகப் போகிற போக்கில் சொன்னான். ஒரு தடவை, அந்த வக்கீல் ரெண்டு பக்கமும் கேட்காமல் பேசுகிறது என்று அவன் சொல்ல, கேட்டிருக்க வேண்டும்தான் என்று அக்கா சொல்லிவிட்டார். உடனே இருவரும் சத்தமாக, கொக்கைப் பற்றிப் பேசினார்கள்.

இந்த நிலைமையில்தான் தொடர் முடியப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. ஊர் உலகமெல்லாம் நீர்யானைக்குப் பிரியாவிடை எழுதிக் கண்ணீர் விட்டது. அக்கா கண்ணீர் விடவில்லை. கடைசிப் பாகம் வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி.யைத் தொடாமல் பாத்ரூமைக் கழுவினார். போன் அடித்தது. அவன் கேட்டான், இவர் நேரமில்லை என்றார். தான் இப்போதுதான் பார்த்து முடித்ததாகவும், பிரமாதமாக இருக்கிறது, சீக்கிரம் பார் என்றும் அவன் சொன்னான்.

பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று அக்காவுக்குத் தெரியும். ஒரு போன் வரும். அரை மணி நேரம் பேசுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் எதைக் கேட்டுப் போன் செய்வான்? ஆகவே அக்கா நீர்யானையையும் பொட்டலமாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். டி.வி.யில் தொடரின் பக்கத்தைத் திறந்தால் அதுவாகவே ஓட ஆரம்பித்துவிடும் என்று ரிமோட்டையே டிராயரில் வைத்துப் பூட்டினார். செய்திகூடப் பார்க்க முடியாமல் வீட்டுக்காரர் செய்தித்தாளை இரண்டு முறை படித்தார்.

அடித்தளத்திலும் ஆபத்து இருந்தது. மயக்க மருந்து டாக்டர் இந்தத் தொடருக்குப் பரம ரசிகர். அவர் மஞ்சள் பட்டைக்கு அந்தப் பக்கம் தலை காட்டினாலே, கருவிகளை அலசும் மெஷினை அக்கா ஓடவிட்டுவிடுவார். அது போடுகிற இரைச்சலில் ஒன்றும் கேட்காது. ஒருநாள் மெஷின் சட்டென்று நின்றுபோனது. அந்த அமைதியில் டாக்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனது தெளிவாகக் காதில் விழுந்தது: நீர்யானை கடைசியில் யாரிடமும் சொல்லாமல் கப்பலேறிப் போய்விடுகிறதாம். மயக்க மருந்து கொடுக்கிற மனுஷனுக்கு வாயை மூடத் தெரிய வேண்டாமா?

வாரங்கள் போயின. போன் வந்தது, ஆனால் சுருங்கிப்போய் வந்தது. பாத்தியா. இல்லடா. சரி, வச்சிடறேன். பிரிக்காமல் வைத்திருந்த நீர்யானை பரணிலேயே வற்றிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை, அடித்தள அறை அலமாரியின் அடியில் கோடெல்லாம் நன்றாகக் கறுத்து, மடிப்புக் கலையாமல் ஒரு பொட்டலம் அகப்பட்டது. தேதியைப் பார்த்தால் காலாவதியாகிவிட்டிருந்தது. இத்தனை வருஷமாகப் பிரிக்காத வரைக்கும் கெடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அக்கா, தேதி என்று ஒன்று இருப்பதைத் தன் வீட்டு விஷயத்தில் மட்டும் வசதியாக மறந்திருந்தார். பொட்டலத்தை மறுபடி வேகவைக்கப் போட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் போன் அடித்தபோது டிராயர் திறந்திருந்தது. அவன் கேட்பதற்கு முன்பே அக்கா சொன்னார்.

"எனக்குக் கண்ணு வலிக்குதுடா. நீதான் பாத்துட்டியே, நீயே கதையைச் சொல்லிடு."

அந்தப் பக்கம் அவன் தடுமாறினான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றான். கடைசியிலிருந்தே ஆரம்பி என்றார் இவர்.

"கடைசில அது ஆபீஸை மூடிடுதும்மா. மூடிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போகுது."

கப்பல் எங்கே போயிற்று? அக்கா புருவத்தைச் சுருக்கினார். ரிமோட்டை எடுத்துத் தொடரின் பக்கத்தைத் திறந்தார். இரண்டு வீட்டுக்கும் சந்தாக் கணக்கு ஒன்றுதான், மகன் பணம் கட்டுவது. யார் எங்கே பார்த்தாலும் படத்துக்கு அடியில் சிவப்பாகக் கோடு விழுந்துவிடும். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. எழுந்து போய் டி.வி.யில் மூக்கு உரசுகிற மாதிரி நின்றார். ஒவ்வொரு பாகத்துக்கு அடியிலும் சிவப்புக் கோடு. கடைசிப் பாகத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

படுபாவி, அவனும் பார்க்கவில்லை. பிரமாதமாக இருக்கிறது என்று வாராவாரம் சொல்லிக்கொண்டே, அங்கே அவனும் கட்டிப் பரணில் போட்டிருக்கிறான். அக்காவுக்குக் கண் நிஜமாகவே எரிந்தது. கோடு என்ன சொல்லுது என்று கேட்க, வாழ்க்கையில் முதல் தடவையாக, வாய் வரவில்லை.

"அதுக்கு அம்மா இருக்கா? இத்தனை வருஷமா காட்டவே இல்லையே."

"இருக்கும்மா. கடைசிலதான் காட்றாங்க." அவனுக்கு இப்போது பேச்சு கொஞ்சம் ஓடியது. "கதவைத் தட்டுது. அம்மா நீர்யானை வந்து தொறக்குது. எங்க இருந்த, ஏன் வரலைன்னு எதுவும் கேக்கல. உள்ள வர வழி விடுது."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்லம்மா."

"சொல்லியிருக்கும். அன்னைக்கு உன் பக்கத்தைக் கேக்காம பேசிட்டேன்னு சொல்லியிருக்கும். நீ சத்தத்தைக் கொறைச்சு வச்சுப் பாத்திருப்ப."

எதிர்நாற்காலியில் செய்தித்தாள் மெல்ல இறங்கியது.

"இருக்கும்மா" என்றான் கடைசியில். "கொறைச்சுதான் வச்சிருந்தேன்."

"அப்புறம்? தங்குச்சா, கெளம்பிடுச்சா?"

"அதைக் காட்டலம்மா. அதோட முடிச்சிட்டாங்க."

"சரி. வர்ற ஞாயித்துக்கெழமை தெரிஞ்சிடும்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதற்குப் பாகம் எதுவும் மிச்சமில்லை என்பது இருவருக்கும் தெரியும். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, சாயங்காலம்தான் வண்டி இருக்கிறது என்றான். அக்கா ம் என்று சொல்லிப் போனை வைத்தார்.

சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பீரோவின் தலையிலிருந்து பச்சைப் பொட்டலத்தை இறக்கினார். மேலே எழுதியிருந்த தேதியில் பாதி அழிந்திருந்தது. தூசியை ஊதிவிட்டு மகனுடைய கட்டிலின்மேல் வைத்தார். வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றார்.

"எருமை வருதா?"

அக்கா திருத்தவில்லை. கத்தரியை எடுத்து நாடாவை வெட்டினார்.