ஆர்லோ டீச்சவுட்டும் சிவப்பு ஆரக்கால்களும்

ஆர்லோ டீச்சவுட்டுக்கு எரிச்சல் வராத நாள் என்று ஒன்று இருந்ததாக ப்ளம் க்ரீக் ஊரில் யாருக்கும் நினைவில்லை. மழை பெய்தால் மழைமேல் எரிச்சல், பெய்யாவிட்டால் வானத்தின்மேல். ஆனால் அந்த மனிதரின் எரிச்சலில் முக்கால் பங்கு நியாயமானது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மீதிக் கால் பங்கைப் பற்றித்தான் இந்தக் கதை.

பத்தொன்பது வயதில் விட்பெக் சக்கர ஆலையில் சேர்ந்தார். ஐம்பத்திரண்டு வயதிலும் அங்கேதான். வேலை ஆரக்கால் பொறுக்குவது. ஜன்னலோரம் ஒரு நீள மேசை. கடைசல் பிடித்த ஹிக்கரி மரத்து ஆரக்கால்கள் ஒரு பக்கமாக வந்து விழும். கையில் எடுத்து, புரட்டி, முனையைப் பார்த்து, வெள்ளை என்றால் வலப்பக்கம், சிவப்பு என்றால் இடப்பக்கம். வலப்பக்கம் போனது சக்கரமாகும். இடப்பக்கம் போனது நேராகக் கொதிகலன் அடுப்புக்குப் போகும். முப்பத்து மூன்று வருடம் இதையேதான் செய்தார்.

மரத்தின் வெளிப்பக்கம் வெள்ளை, நடுப்பக்கம் சிவப்பு. வைரம் பாய்ந்த நடுக்கட்டையை அடுப்பில் போட்டுவிட்டு வெளிப்பக்கத்து வெளிறைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஊர் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை. மிச்சிகன் முழுக்க, வண்டி செய்தவன் எவனைக் கேட்டாலும் வெள்ளை ஹிக்கரிதான் உறுதி என்பான். யார் சொன்னது? அவன் அப்பா. அவருக்கு யார் சொன்னது? அவருடைய முதலாளி. ஒருவனாவது ஒடித்துப் பார்த்தானா என்றால், இல்லை.

இதில் பெரிய கூத்து, சக்கரத்துக்குக் கடைசியில் எட்டுப் பூச்சு வர்ணம் அடிப்பார்கள் என்பது. உள்ளே வெள்ளையா சிவப்பா என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதனால் என்ன, வாங்க வருகிறவர்கள் பாக்கெட்டிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து, குதிரைக்குப் பல் பார்க்கிற மாதிரி, சக்கரத்தின் பின்பக்கம் குனிந்து வர்ணத்தைச் சுரண்டிப் பார்ப்பார்கள். வெள்ளை தெரிந்தால் ஒரு தலையாட்டல். சிவப்பு தெரிந்தால் சக்கரமே வேண்டாம். சுரண்டிய இடத்துக்கு மறுபடி வர்ணம் அடிக்க ஆலையில் தனியாக ஓர் ஆள் இருந்தான்!

சிவப்பு சோடை போகாது என்பது ஆர்லோவுக்குத் தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவருடைய சொந்த வண்டிக்குச் சக்கரம் போட வேண்டி வந்தபோது, அடுப்புக்குப் போகிற குவியலிலிருந்து ஐம்பத்தாறு சிவப்பு ஆரக்கால்களை அள்ளிக்கொண்டு வந்து தானே கோத்துக்கொண்டார். அந்த வண்டி கல் ஏற்றியது, எரு ஏற்றியது, ஒருமுறை மெதடிஸ்ட் தேவாலயத்தின் மணியையும் ஏற்றியது. ஓர் ஆரக்கால் முனகவில்லை.

வீட்டில் அவர் மனைவி லவீனாவுக்கும் தெரியும். அடுப்புக்கென்று ஆலை கொடுத்த சிவப்புக் கட்டைகளோடு மல்லுக்கட்டியவள் அவள்தான்.

"இதப் பொளக்குறதுக்குள்ள என் தோள்பட்டை கழண்டுடுது. வண்டிக்கு ஆகாதாம், அடுப்புக்கு ஆகுமாம்! எந்த மடையன் சொன்னது?"

"ஊரே சொல்லுது."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குத்தான் தெரியுமே, இதுதான் கெட்டின்னு. முப்பது வருஷமா கையில புடிக்கிறவனுக்குத் தெரியாதா?"

"அப்ப மொதலாளிகிட்டப் போய்ச் சொல்லுங்க மனுஷா. எங்கிட்டக் கத்தி என்ன பிரயோஜனம்?"

"சொன்னாக் கேக்குற ஆளா அவன்? போடி, வேலையப் பாரு."

இந்தப் பேச்சு அந்த வீட்டில் வாரம் ஒருமுறையாவது நடந்தது. நாவிதர் கடையிலும் சொன்னார், தேவாலய வாசலிலும் சொன்னார். ஊர் நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும்.

குளிர்காலத்தில் இன்னொரு வேலை. பண்ணைக்காரர்கள் தங்கள் தோப்பில் ஹிக்கரி வெட்டிச் சாலையோரம் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆர்லோ பனிச்சறுக்கு வண்டியில் போய் ஒவ்வொரு கட்டையின் வெட்டு முகத்தையும் பார்ப்பார். நடுச்சிவப்பு உள்ளங்கையைவிட அகலமாக இருந்தால் நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு குறுக்குக் கோடு. ஆலை எடுக்காது என்று அர்த்தம். கோடு போட்டது விறகுக்கும் பன்றித்தொடைக் கறிக்குப் புகை போடுவதற்கும் போய்விடும். நாலு குளிர்காலம் பார்த்த பண்ணைக்காரர்கள், முதிர்ந்த மரம் என்றாலே ஆலைக்குக் காட்டாமல் நேராக விறகுக்கு வெட்டினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மோட்டார் வந்தது. சுற்றுவட்டாரத்தில் குதிரைவண்டி செய்துகொண்டிருந்த ஊர்கள் எல்லாம் வெறி பிடித்த மாதிரி மோட்டார் செய்யக் கிளம்பின. மரம் இங்கே, சக்கரம் இங்கே, மெத்தை தைக்கிறவன் இங்கே, வார்னிஷ் அடிக்கிறவன் இங்கே. வடக்கிலிருந்து ஏரி வழியாக இரும்பும் செம்பும் வந்து இறங்கின. குதிரையை அவிழ்த்துவிட்டு எஞ்சினை மாட்டினால் தீர்ந்தது என்று நினைத்தார்கள். முதல் வருடம் வந்த சில மோட்டார்களில் சாட்டை செருகும் குழாயைக்கூட எடுக்காமல் விட்டிருந்தார்கள். எஞ்சினை அடித்து ஓட்டுவார்களோ என்னவோ.

முதலாளி டிலோஸ் விட்பெக் துணிச்சல்காரர், அதை மறுக்க முடியாது. மடியில் ஒரு சக்கரமும் பக்கத்து இருக்கையில் ஒரு சக்கரமுமாக ரயிலேறி டிட்ராய்ட் போய், ஒரு மோட்டார் கம்பெனி விடாமல் படியேறி, நாலாயிரம் சக்கரத்துக்கு ஆர்டர் வாங்கிவந்தார். 1908, ஏப்ரல் மாதம். ஆலையில் எல்லோரும் தொப்பியை மேலே வீசினார்கள். ஆர்லோவும் வீசினார், பாதி உயரத்துக்கு.

மே மாதமே தொல்லை ஆரம்பித்தது. குதிரைவண்டி ஆரக்கால் விரல் பருமன், வெளிறிலேயே கடைந்துவிடலாம். மோட்டாருக்கு வேண்டியது அதைப்போல இரண்டு பங்கு தடிமன். அத்தனை தடிமனில் கடைந்தால் சிவப்பு எட்டிப் பார்க்காமல் என்ன செய்யும்? ஆர்லோவின் மேசையில் இடப்பக்கம் மலையாகக் குவிந்தது. வலப்பக்கம் குருவி உட்காரும் அளவுக்குத்தான் இருந்தது.

விட்பெக் எல்லோரையும் முற்றத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இந்த மாவட்டத்துல வெள்ள ஹிக்கரி தீந்துபோச்சு. தெக்க ஆர்க்கன்சா மாகாணத்துல காடு காடா நிக்குது. இங்கயே குந்திக்கிட்டு இருந்தா ஆர்டரு கையவிட்டுப் போயிடும். இலையுதிர் காலத்துல ஆலைய அங்க மாத்துறேன். வர்றவங்க வரலாம்."

அன்று மாலை லவீனா தட்டைப் போட்ட வேகத்தில் பீன்ஸ் மேசையெல்லாம் சிதறியது.

"நான் வரமாட்டேன். எம் புள்ளைங்க ரெண்டும் அந்தக் கல்லறை மேட்டுலதான் படுத்திருக்கு. அதுங்கள விட்டுட்டு எங்க வரச் சொல்றீங்க? நீங்க வேணா போங்க."

அவள் வரமாட்டாள், அவளில்லாமல் அவரும் போகமாட்டார். ஐம்பத்திரண்டு வயதில், ஆரக்கால் பொறுக்குவதைத் தவிர வேறெதுவும் தெரியாதவனுக்கு ஆலையில்லாத ஊரில் என்ன வேலை இருக்கும்? அன்று அவருக்கு எரிச்சல்கூட வரவில்லை, பயம்தான் வந்தது.

ஜூனில் மோட்டார் கம்பெனியிலிருந்து ராய் கெண்டல் என்ற இளம் எஞ்சினியர், மாதிரிச் சக்கரங்களைப் பார்க்க வந்தார். விட்பெக் என்ன செய்தார்? பழக்க தோஷம். அவராகவே கத்தியை எடுத்து விருந்தாளி கையில் கொடுத்து, "சொரண்டிப் பாருங்க" என்றார். கெண்டல் சுரண்டினார். சிவப்பு. விட்பெக்கின் முகம் சுருங்கியது.

"ஆர்லோ! இது எப்படிய்யா உள்ள வந்துச்சு? கண்ணு தெரியலையா உனக்கு? தூக்கி அடுப்புல போடு!"

ஆர்லோவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"அடுப்பு, அடுப்பு, அடுப்பு! ஒருநாளாவது ஒடிச்சுப் பாத்தீங்களா மொதலாளி? உங்கப்பா பாத்தாரா? எஞ்சினியரு, நீங்க படிச்சவருதானே? ஒரு வெள்ளயையும் ஒரு செவப்பையும் எடுங்க. ரெண்டுலயும் பாரத்தக் கட்டித் தொங்கவிடுங்க. எது மொதல்ல ஒடியுதோ அத அடுப்புல போடுங்க!"

வேலை போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கெண்டல் கோட்டைக் கழற்றிவிட்டார்.

இரண்டு மரக்குட்டிகளுக்கு நடுவே ஆரக்காலைப் பாலம் மாதிரி வைத்து, நடுவில் சங்கிலி கட்டி, இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டினார்கள். முதல் வெள்ளை பதினொன்றாவது பட்டையில் படீரென்று போனது. முதல் சிவப்பு பதின்மூன்று வரை நின்றது. அடுத்த ஜோடியில் வெள்ளை ஜெயித்தது. அதற்கடுத்ததில் சிவப்பு. பத்து ஜோடி ஒடித்து முடித்தபோது சிவப்புக்கு ஆறு, வெள்ளைக்கு நாலு. கெண்டல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நிறத்துக்கும் உறுதிக்கும் சம்பந்தமே இல்ல. எடை உள்ள கட்டையா பாத்து எடுங்க, போதும். எப்படியும் நாங்க பெயின்ட் அடிக்கத்தானே போறோம்?"

"வாங்குறவங்க சொரண்டிப் பாப்பாங்களே?" என்றார் விட்பெக், பரிதாபமாக.

"மோட்டார் வாங்குறவன் எஞ்சினப் பாக்கவே நேரம் பத்தாம நிக்கிறான். கத்தியோட எவன் வருவான்?"

முதலாளி என்றால் முதலாளிதான், விட்பெக் உடனே கணக்குப் போட்டார். "ஆர்லோ, செவப்பும் சேத்துன்னா எண்ணூறு கட்டை போதும். ஆகஸ்டு முடியறதுக்குள்ள இந்த மாவட்டத்துல எண்ணூறு கட்டை புடிச்சுக் குடு. ஆலை இங்கயே இருக்கும்."

ஆர்லோ ஏறக்குறைய ஓடினார் என்றே சொல்லலாம். வண்டியைப் பூட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகக் கிளம்பினார். இத்தனை வருடமாக நான்தானே கரடியாகக் கத்தினேன், இப்போது பாருங்கள் என்ற மிதப்பு முதுகிலேயே தெரிந்தது. முதல் பண்ணையில் நாலு கட்டை கிடைத்தது. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் இல்லை. ஜூலை பிறந்தபோது நாற்பது சேர்ந்திருந்தது. தோப்புகளில் நின்றவை எல்லாம் கைப்பிடிப் பருமனுள்ள கன்றுகள். ஆளாக இன்னும் முப்பது வருடமாகும். அவருக்கு மறுபடி எரிச்சல் திரும்பியது. மனிதர்களா இவர்கள், தோப்பையே மொட்டையடித்து வைத்திருக்கிறார்களே!

அந்த எரிச்சலோடுதான் மிசஸ் பொகார்டஸின் பண்ணைக்குப் போனார். மாவட்டத்திலேயே பழைய ஹிக்கரித் தோப்பு அந்த விதவையம்மாளுடையது. இருநூறு கட்டையாவது அங்கே தேறும் என்று நம்பியிருந்தார். போய்ப் பார்த்தால் அடிக்கட்டைகள்தான் வரிசையாக நின்றன.

"என்னம்மா இது? பெரிய மரமெல்லாம் எங்க?"

"வெட்டியாச்சு."

"எப்ப? யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்குக் குடுப்பேன்? எரிச்சேன். ஒம்பது குளிருக்கு எரிச்சேன்."

"எரிச்சீங்களா! அறிவு வேணாமா? தங்கமான கட்டைம்மா அது! மோட்டார் சக்கரத்துக்கு ஆகுற கட்டை!"

அந்த அம்மாள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"டீச்சவுட்டு, இங்க பாருய்யா. மொத வருஷம் நூத்திப்பத்து கட்டை அடுக்கி வெச்சேன். எம் புருஷன் செத்த வருஷம். நீ வந்த. தொண்ணூறுக்கு நீலக் கோடு போட்ட. ஆகாதுன்ன. மறு வருஷமும் வந்த, கோடு போட்ட. நான் கேட்டேன், 'பாக்க நல்லாத்தானேய்யா இருக்கு'ன்னு. நீ என்ன சொன்ன?"

ஆர்லோவுக்கு ஞாபகம் இருந்தது.

"'வெறகுக்குத்தான் லாயக்கு'ன்ன. நீ சொன்னதத்தான் நான் செஞ்சேன். இப்ப எங்கிட்ட வந்து அறிவு வேணாமான்னு கேக்குற."

வண்டியில் ஏறிக் கடிவாளத்தை எடுத்தார். வாய்க்குள் திட்டுவதற்கு ஆள் தேடினார். ஒருவரும் அகப்படவில்லை.

ஆகஸ்டு கடைசி நாள் அலுவலகத்துக்குப் போய், தொண்ணூற்றேழு கட்டை என்றார். விட்பெக் பெருமூச்சு விட்டார். கோபப்படவில்லை.

"சரி விடு. என்ன பண்றது? இப்பவாவது கண்டுபிடிச்சோமே, அதுவரைக்கும் நல்லது. அங்க போய் ஒரு செவப்பக்கூட எரிக்க மாட்டோம்."

இந்த "கண்டுபிடிச்சோம்" ஆர்லோவைச் சுருக்கென்று தைத்தது.

"என்னத்தக் கண்டுபிடிச்சோம்? பதினஞ்சு வருஷமா எனக்குத் தெரியும் மொதலாளி! என் வண்டி பூரா செவப்புதான். தெரியாத ஆளே ஊர்ல இல்ல!"

விட்பெக் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை, உண்மையான ஆச்சரியம்தான் இருந்தது.

"எனக்குத் தெரியாதேய்யா. பதினஞ்சு வருஷமா? தெனம் காலையில உன் மேசையத் தாண்டித்தானே போறேன். ஏன்யா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

பதில்கள் ஆர்லோவிடம் தயாராக இருந்தன. சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள் என்பது ஒன்று. கேட்காதவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. லவீனாவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பழகியவைதான். ஆனால் ஜூன் மாதம் ஒரே ஒருநாள் கத்தினார், அன்றைக்கே கேட்டார்களே.

"பயந்துட்டேன் மொதலாளி," என்றார் கடைசியில். "வேல போயிடும்னு."

விட்பெக் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். ஆர்லோ உட்காரவில்லை. வெளியே முற்றத்தில் முதல் கடைசல் இயந்திரத்தைக் கழற்றி ரயிலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.