உவர் மண்ணில் அக்கா எடுத்த கிழங்கு

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களுக்கு, அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தெரிந்துகொள்ளாமல் விட்டதும் உண்டு.

கீழ்பென்னாத்தூரில் நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1989-இல் மரக்காணம் பக்கத்தில் மணம் முடித்துக் கொடுத்தோம். பிள்ளைப்பேறு இல்லை. அதைப் பற்றி அவர் எவரிடமும் பேசியதில்லை.

மாமாவுக்கு இருந்தது உப்பங்கழியை ஒட்டிய ஒரு ஏக்கர். மழைக்காலத்தில் ஒரு போகம் நெல் வரும். வெயில் ஏறினால் மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். பிறகு ஆடி வரை தரிசு. அக்கம்பக்கத்து நிலங்கள் ஒவ்வொன்றாக இறால் பண்ணைக்குப் போயின. மாமாவும் கொடுத்துவிட நினைத்தார். உப்புநீர் தேங்கிய நிலம் திரும்ப நெல்லுக்கு ஆகாது என்று அக்கா ஒப்பவில்லை. இரண்டு வருடம் வீட்டில் இதே பேச்சாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தீபத்திற்கு அக்கா திருவண்ணாமலை வந்திருந்தார். செங்கம் சாலையில் நான் வாடகைக்கு விட்டிருந்த அறையில் வங்காளத்துப் பெரியவர் ஒருவர் தங்கியிருந்தார். அவரும் கடலோர விவசாயி. நெல் அறுத்த ஈரத்திலேயே, ஏர் ஓட்டாமல், உருளைக்கிழங்கு விதைக்கிழங்கை மண்மேல் வைத்து வைக்கோலால் கனமாக மூடிவிடுவோம் என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் நான் கேட்டுக் கேட்டு அக்காவுக்குச் சொன்னேன்.

"உப்பு மேல வராதானு கேளுடா" என்றார் அக்கா.

மண்ணை வெயில் தொடாவிட்டால் ஈரம் காயாது, ஈரம் காயாவிட்டால் உப்பும் ஏறாது என்று பதில் வந்தது. அக்கா மறுநாளே சந்தையில் முளைவிட்ட கிழங்காகப் பொறுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

இதற்குப் பின் நடந்தவை அக்காவின் கடிதங்களாலும் மாமா சொல்லியும் நான் அறிந்தவை.

மார்கழிக் கடைசியில் ஐந்து சென்ட் இடத்தில் கிழங்கை வெட்டி வைத்து, இருந்த வைக்கோலையெல்லாம் பரப்பினார். "மாடு இன்னாத்தத் துன்னும்?" என்று மாமா கேட்டார். அக்கா வரப்புகளில் புல் அறுத்து மாட்டுக்குப் போட்டார். தையில் பருவம் தப்பிய மழை பெய்தது. வைக்கோலுக்கு அடியில் எல்லாம் அழுகிவிட்டது. அந்த வாரமே மாமா இறால் பண்ணைக்காரர்களை வீட்டுக்கு வரச்சொன்னார். பத்திரம் கையெழுத்துக்கு வந்தது. அக்கா வாசலில் நின்றுகொண்டு, "இன்னும் ஒரு மழைக்காலம் பொறுங்க. அதுக்கப்புறம் நானே கூப்புட்டு விடுறேன்" என்றாராம். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மாமா ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த மார்கழியில் கிழங்கை வெட்டாமல், சின்னக் கிழங்குகளை முழுதாகவே வைத்தார். மழைநீர் வடிய வரப்போரம் மட்டும் வாய்க்கால் இழுத்தார். குட்டையில் தேங்கிய நல்ல தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றினார். பங்குனியில் வைக்கோலை விலக்கியவர் மாமா. கிழங்குகள் மண்மேலேயே கிடந்தன. "தோண்டக்கூட வேணாம்டா, கை வெச்சா வந்துடுது" என்று மாமா என்னிடம் சொன்னபோது அவர் குரல் மாறியிருந்தது. பெரும்பாலும் எலுமிச்சை அளவுதான். பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிலம் பண்ணைக்குப் போகவில்லை. தெருவில் நான்கு பெண்கள் அக்காவோடு சேர்ந்து தங்கள் நிலத்திலும் வைத்தார்கள். சில வருடம் வந்தது. சில வருடம் எலி தின்றது.

ஒவ்வொரு பங்குனியிலும் என்னை வரச்சொல்லி எழுதுவார். அறைகளில் ஆள் இருக்கிறார்கள் என்று நான் பதில் எழுதுவேன். ஒரு முறையும் போகவில்லை.

சென்ற ஆண்டு தை பிறந்ததும் சிறுநீரகக் கோளாறால் அவரை என் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதற்குள் கிழங்கு வைத்து முடித்திருந்தார். வலியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. மாமா இரண்டு மாதமும் அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. மாசி முடிவதற்குள் அக்கா காலமானார்.

கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், இரத்தம் கொடுத்த பக்கத்துக் கடைத் தம்பிகளுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மரக்காணத்துப் பெண்கள் நால்வருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். யாரும் சொல்லாமலே அந்த இரண்டு மாதமும் அக்காவின் நிலத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கிழங்கை எடுத்து, பதினாறாம் நாள் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் கொண்டுவந்தார்கள். அவர்கள் பெயர்களைக்கூட அன்றுதான் கேட்டேன். அவர்களில் ஒருவர், "தம்பி நீங்கதானா? அக்கா உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லீங்க" என்றார்.