சத்தத்தைத் திரும்ப வைத்தவர்

"தூக்கு. இன்னும் கொஞ்சம். ஏய், விரல நசுக்கிடாத, இத வச்சுத்தான் பொழப்பு ஓடுது."

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, வீட்டு ஃப்ரிட்ஜை மட்டம் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. ஃப்ரிட்ஜின் தலையில் ஒரு தம்ளர் தண்ணீர். விளிம்பில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது. மகள் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தாள். அப்பா தரையில் குப்புறப் படுத்து, ஃப்ரிட்ஜின் முன்கால்களைத் திருகிக் கழற்றினார். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் சட்டைப்பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து எண் போட்டார். 1. 2.

"இருக்கறதே ரெண்டு கால். இதுக்குமா நம்பர்?"

"மறக்காதுன்னு நெனச்சு ஒரு தடவ நல்லா மாட்டிக்கிட்டேன். நீ பேசாம தூக்கு."

அடுத்த வீட்டு ஜன்னலில் ரேடியோ பாடியது. அந்த வருடம் கடை, பஸ், சலூன் எங்கே போனாலும் துரத்திக்கொண்டு வந்த பாட்டு. அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு பெண் பாடிய காதல் தோல்விப் பாட்டு. 'சத்தம் நின்னுபோச்சு, இப்பவாச்சும் வருவியா' என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்.

அப்பா திருகுவதை நிறுத்தினார். "அடியில ஒண்ணு ம்ம்ம்னு ஓடுது பாரு. கேக்குதா?"

"ஆமா. ஏதோ கீபோர்டு."

"கீபோர்டும் இல்ல ஒண்ணும் இல்ல. அது ஃப்ரிட்ஜ். நான் வச்சது."

"பாட்டுக்குள்ள எப்படிப்பா ஃப்ரிட்ஜ வைப்பீங்க?"

"அது பெரிய கதை. சாப்ட்டுட்டுச் சொல்றேன்."

சாப்பிட்டார், தூங்கிவிட்டார். மகளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒன்பது நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, உதிரிபாகக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வயது அறுபத்திரண்டு.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக். முப்பத்தொரு வருடம் அந்த ஒரே வேலை. தொழிலில் அவருக்குப் பெயர் 'காது'. உதிரிபாகக் கடைக்காரர் வைத்த பெயர். வாடிக்கையாளர் ஃபோனைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜின் முதுகில் வைத்தால் போதும். இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே, "ஃபேன் ப்ளேடுல ஐஸ் உரசுது" என்பார். கழற்றிப் பார்த்தால் அதுதான். "ஊர்ல உள்ள ஃப்ரிட்ஜெல்லாம் இருமினா இவருக்குக் கேக்கும். நான் பக்கத்துல நின்னு நாலு தடவ கூப்பிட்டா மட்டும் கேக்காது" என்பாள் அம்மா.

அவருக்கு ஒரு ரோஷம் உண்டு. ஒரே கோளாறுக்காக ஒரு வீட்டுக்கு இரண்டாம் தடவை போகமாட்டார். போகவேண்டி வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

துக்கத்துக்கு வந்தவர்கள் அவரைப் பற்றி நிறையப் பேசினார்கள். மகளுக்கு எல்லாம் தெரிந்த கதைகள். தெரியாத ஒன்றைச் சொல்லக்கூடியவர் புகைப்படத்தில் இருந்தார். 'நான் வச்சது.' அந்த இரண்டு சொல் அவளை விடவில்லை. அப்பா சத்தத்தை எடுப்பவர். வைப்பவர் அல்ல. விளையாட்டுக்குச் சொன்னாரா? விளையாட்டு என்றால் விளையாட்டு என்றாவது தெரிய வேண்டும்.

அம்மாவைக் கேட்டாள்.

"பாட்டெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் மூச்சிரைக்க ஓடி வந்தாரு. பழைய சாமான் போடற பெயின்ட் டப்பா இருக்கே, அதைத் தரையில கவுத்துப்போட்டுத் தேடினாரு. நாலு ரப்பர் துண்ட எடுத்துக்கிட்டு மறுபடி ஓடினாரு. குப்பைய ஊர் ஊரா கொண்டுபோய்க் குடுக்கறீங்களான்னு கேட்டேன். பேசாம இருன்னாரு."

"எப்ப?"

"போன வருஷம். அன்னிக்குதான் அந்த மார்க்கர் பேனாவும் வாங்கினாரு."

மகளுக்குத் தெரிந்த வேலை அளப்பது. டிரான்ஸ்ஃபார்மர் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரும் எவ்வளவு முனகுகிறது என்று அளந்து சீட்டு எழுதுவாள். லீவு முடிந்து போன முதல் நாள், மதிய இடைவேளையில் அந்தப் பாட்டை அதே கருவியில் ஓடவிட்டாள்.

திரையில் ஒரு கோடு நேராக நின்றது. நொடிக்கு நூறு அதிர்வு. பாட்டு ஏறினாலும் இறங்கினாலும் அது அசையவில்லை. வாத்தியம் எதுவும் அப்படி நிற்காது. மின்சாரத்தில் ஓடும் மோட்டார் நிற்கும். அவள் தினமும் பார்க்கும் கோடுதான்.

இன்னொன்றும் தெரிந்தது. பாடகியின் சுருதி அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. ஹார்மோனியத்தில் அது ஐந்து கட்டையும் இல்லை, ஐந்தரையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பொந்து. இந்தப் பாட்டுக்கு எங்கள் கீபோர்டு ஒத்துவரவில்லை என்று பலர் இணையத்தில் புலம்பியிருந்தார்கள். காரணம் இதுதான்.

மூன்றாவது நிமிடம், நாற்பத்தோராவது விநாடி. பாட்டு முடிந்தபின் ஒரு சின்ன 'டக்'. இரும்பு தரையில் படுவதுபோல. அது என்ன என்று புரியவில்லை. குறித்து வைத்தாள்.

ஆக, ஃப்ரிட்ஜ் உண்மை. 'நான் வச்சது' மட்டும் பாக்கி.

அப்பாவின் ஃபோனை அவள் அணைக்கவில்லை. வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் யாராவது விஷயத்தைச் சொல்ல வேண்டுமே. அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் அது அடித்தது. திரையில் 'மூணாம் மாடி' என்று வந்தது. எடுத்தாள். குரலுக்கு முன்னால் அந்த ம்ம்ம் கேட்டது. காலையில்தான் தொழிற்சாலையில் மறுபடியும் ஓடவிட்டுக் கேட்டிருந்தாள். தப்பாக வாய்ப்பில்லை.

"அங்கிள், வியாழக்கிழமை பத்து மணிக்கு வரேன்னீங்க. மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, நானும் ஊர்ல இல்ல. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மகள் சொன்னாள். அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் மட்டும் முனகியது. பிறகு அந்தப் பெண் அழுதாள். மகள் காத்திருந்தாள். அழுகை அடங்கியதும் கேட்டாள்: "நீங்க அந்தப் பாட்டுப் பாடினவங்கதானே? எங்கப்பா அதுல என்ன வச்சார்?"

பாடகி சொன்ன கதை இது.

போன வருடம் அவள் பகலில் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக்கு ஃப்ரேம் எடுத்துக் காட்டும் வேலை. சாயங்காலம் மூன்றாம் மாடி வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பாட்டுக் கட்டுவாள். ரோட்டுச் சத்தம் வராத ஒரே அறை அது. கூட இருந்தவன், ஃப்ரிட்ஜ் போடும் சத்தத்தில் தூக்கம் வரவில்லை, சரி பண்ணு, சரி பண்ணு என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் போய்விட்டான். ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்து, அதன் முனகலையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு, பாதிப் பாட்டு எழுதினாள். நடுவில் ஒரு யோசனை: சத்தம் போய்விட்டால் வந்துவிடுவானோ?

'காது' வந்தார். கம்ப்ரஸருக்கு அடியில் நாலு மூலைக்கு நாலு ரப்பர் புஷ் இருக்கும்; அவை கல்லாக இறுகியிருந்தன. மாற்றினார். ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று கதவைத் திறந்து விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு சுத்தம்.

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"அங்கிள், ஃப்ரிட்ஜ்ல பிரச்சினை."

"என்ன பிரச்சினை?"

"சத்தமே வரல."

ரோஷத்தோடு வந்தார். காதை வைத்தார். கையை வைத்தார். "எம்மா, ஃப்ரிட்ஜ் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு. நான்தான் நல்லா இல்ல. பழைய சத்தம் வேணும். நாளைக்குக் காலைல இந்த மைக்கைத் திருப்பிக் குடுக்கணும். அதுக்குள்ள பாட்ட எடுக்கலேன்னா எடுக்கவே மாட்டேன்."

"முப்பது வருஷமா சத்தத்த எடுக்கறவன்மா நான். வைக்கறேன்னு வெளிய தெரிஞ்சா எவனாவது கூப்பிடுவானா?"

"ஒரு வரி பாடறேன். கேட்டுட்டுப் போங்க."

பாடினாள். குரல் தரை தேடும் கால்போலத் தடுமாறியது. அப்பாவுக்குச் சங்கீதம் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் எது எதன்மேல் நிற்கவில்லை என்பது தெரியும். பையைத் திறந்தார்.

முதலில் கம்ப்ரஸரின் போல்ட்டைத் தளர்த்தினார். ஃப்ரிட்ஜ் கடகடவென்றது.

"இது சண்டை போடுது அங்கிள். அது முனகும்."

அப்போதுதான் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். டப்பாவில் நாற்பது புஷ் கிடந்தன, பத்து வீட்டுடையவை. அந்த வீட்டுக் கம்ப்ரஸரின் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்த நாலைப் பொறுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். மாட்டினார். முனகியது. ஆனால் வேறு முனகல். ஒவ்வொரு புஷ்ஷும் ஒவ்வொரு விதமாக நசுங்கியிருந்தது. எது எந்த மூலையில் இருந்தது என்று அவர் குறித்து வைக்கவில்லை.

நாலு புஷ், நாலு மூலை. இருபத்துநாலு விதம். மகள் ஃபோனைக் காதில் வைத்தபடியே மனதில் பெருக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கம்ப்ரஸரை நிறுத்தினால், உள்ளே அழுத்தம் சமமாக ஐந்து நிமிடம் விட்டுத்தான் மறுபடி போட வேண்டும். இல்லையென்றால் மோட்டார் திணறும்.

"அந்த அஞ்சஞ்சு நிமிஷத்துலதான் எல்லாம் சொன்னேன்" என்றாள் பாடகி. "அவன் சோபா, டிவி, ஃபேன் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டான், இத மட்டும் எனக்குன்னு விட்டுட்டுப் போயிருக்கான்னேன். தூக்க நாலு ஆள் வேணும்மா, அதான்னார்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்தில் முதல் தடவை.

"சத்தம் நின்னுடுச்சுன்னு அவனுக்கு ஃபோன் பண்ணதையும் சொன்னேன். அதுக்காகவா போனேன்னு நெனச்சன்னு கேட்டான், அதையும் சொன்னேன். அங்கிள் கடிகாரத்தப் பாத்துட்டு, அஞ்சு நிமிஷம் ஆச்சு, போட்டுப் பாப்போம்னார்."

பதினோராவது தடவை ஃப்ரிட்ஜ் பழையபடி முனகியது. அவள் வாயைத் திறந்து அதுதான் என்று சொல்லக்கூட இல்லை. எங்கே போய்விடுமோ என்ற பயத்தில் மைக்கைப் போட்டுப் பாட ஆரம்பித்துவிட்டாள். அப்பா கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றார். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, இருமலாலா வேறு எதனாலா தெரியவில்லை. பாட்டு முடிந்தது. குனிந்து ஸ்பேனரைத் தரையில் வைத்தார்.

"டக்னு கேக்கும்" என்றாள் மகள்.

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்டுடியோல அத எடுத்துடலாம்னாங்க. நான் விடல. அங்கிள் இருந்தாருன்னு அது ஒண்ணுதான் சாட்சி."



கிளம்பும்போது அவர் சொன்னாராம்: "கோளாறு வச்சுட்டுப் போறேன். எனக்கு மனசே இல்ல. இது எப்ப உனக்கு வேண்டாமோ அப்பக் கூப்பிடு. வந்து எடுத்துடறேன். வேலைய அரைகுறையா விட்டுப் பழக்கமில்ல." அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவரே ஃபோன் பண்ணி, "இன்னும் வேணுமா?" என்று கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் கேட்டார், ரேடியோவில் வந்ததாம். அடுத்த சனிக்கிழமை அவளே கூப்பிட்டாள்.

"போதும் அங்கிள்னேன். புதுசா ஒண்ணு எழுதறேன், அது வேற சுருதி. இது குறுக்க வந்து வந்து விழுது. அவ்ளோ சந்தோஷம் அவருக்கு. வியாழக்கிழமை மொத வேலையா வரேன்னார்." பாடகி தயங்கினாள். "நீங்களும் இந்த மாதிரி வேலைதானே பாக்கறதா சொன்னாரு? உங்களுக்குத் தெரியுமா இத?"

அதிர்வைப் பற்றி மகள் நாலு நோட்டு நிறையக் கணக்குப் போடுவாள். ஒரு புஷ்ஷைக்கூட அவள் கையால் கழற்றியதில்லை.

"அவர் பையைப் பாத்துட்டுச் சொல்றேங்க" என்றாள்.

பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தபின் யாரும் தொடவில்லை. அதன் பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரு பொட்டலம். உள்ளே நாலு புது ரப்பர் புஷ், மார்க்கரில் 1, 2, 3, 4. கூடவே ஒரு சீட்டு. அவர் கையெழுத்து.

'மூணாம் மாடி. வியாழன் 10 மணி. சத்தம் எடுக்கணும்.'

அதற்குக் கீழே ஒரு சதுரம் வரைந்து நாலு மூலையிலும் எண் போட்டிருந்தார். பக்கத்தில் பொடி எழுத்தில்: 'பழைய புஷ் வரிசை. தூக்கிப் போடக் கூடாது. திரும்பக் கேட்டாலும் கேக்கும் அந்தப் பொண்ணு.'