மகளின் காய்ச்சலை விசாரித்த மெயில்

செல்வமாரிக்குக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கும் கடிதமும் பார்க்கிற வேலை. நாகலாபுரத்தில் உளுந்து விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கிற குடும்பத்தில் முதலில் பி.காம். முடித்தவள். பதினொரு வருஷத்தில் ஒரு பில்லில்கூட அவள் தப்பு விட்டதில்லை என்று முதலாளி ராமசுப்பு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை, கேரளத்திலிருந்து குச்சி அனுப்பும் கம்பெனியின் பெயரில் மெயில் வந்தது. பழைய பேங்க் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த லோடுக்கான நாலு லட்சத்தைப் புதுக் கணக்கில் போடுங்கள் என்று இருந்தது. கீழே இரு தரப்பும் முன்பு எழுதிக்கொண்டதெல்லாம் அப்படியே இருந்தன. கடைசி வரியில், மகளுக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டதா என்று விசாரிப்பு. போன வாரம் அதற்காக லீவு எடுத்ததை அவளேதான் அந்தக் கம்பெனிக்கு எழுதியிருந்தாள். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார்களே என்று மனசு குளிர்ந்தது. பதினொரு மணிக்குப் பணத்தை அனுப்பிவிட்டு, இப்போது நன்றாக இருக்கிறாள் என்று பதிலும் போட்டாள்.

மூன்றரை மணிக்குக் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். "பணம் வரலையே மேடம். லாரி நிக்குது."

"காலையிலயே புது அக்கவுண்டுக்குப் போட்டுட்டேனே சார்."

"எந்தப் புது அக்கவுண்டு? நாங்க மாத்தவே இல்லையே!"

செல்வமாரி மெயிலைத் திறந்து அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். கம்பெனி பெயரில் இரண்டு 'எல்' வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. பணம் போனதைவிட வேறொன்று அவளை உலுக்கியது. அப்படியென்றால் மகளின் காய்ச்சலைக் கேட்டது யார்?

அவள் ஓடிப்போய் ராமசுப்புவிடம் சொன்னாள். அவர்தான் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 நம்பருக்கு அடித்தார். புகாரைப் பதிந்துகொண்டு பேங்குக்கும் உடனே சொல்லச் சொன்னார்கள். பாதிக்கு மேல் பணம் அந்தக் கணக்கிலேயே கிடந்ததால் முடக்க முடிந்தது. மீதி அதற்குள் கைமாறிப் போயிருந்தது.

மறுநாள் தூத்துக்குடி சைபர் கிரைம் ஸ்டேஷனில் ஒரு பெண் எஸ்.ஐ. அவளுடைய மெயிலைச் சோதித்தார். வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதமாக.

"எங்கயாவது பாஸ்வேர்டு போட்டீங்களாம்மா? யோசிச்சுப் பாருங்க."

வைகாசியில் வந்த ஒரு மெயில் ஞாபகத்துக்கு வந்தது. மெயில் பெட்டி நிறைந்துவிட்டது, இன்றைக்குள் பாஸ்வேர்டைப் போடாவிட்டால் மூடிவிடுவோம் என்று மிரட்டியது. பயந்துபோய்ப் போட்டிருந்தாள்.

வெளியே ராமசுப்பு மேனேஜரைப் போனில் திட்டிக்கொண்டிருந்தார். "ஓட்டை ஒங்க பக்கந்தான். ஒங்க ஆளுகதான் சொல்லியிருக்காவ." அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் பழி அங்கேயே நின்றிருக்கும்.

"அண்ணாச்சி, அவியளை வையாதீங்க. நாந்தான் பாஸ்வேர்டைக் குடுத்திருக்கேன்." வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

ராமசுப்பு போனை அணைத்தார். "பெட்டி நெறைஞ்சிட்டுன்னு வந்ததா? அது எனக்கும் வந்துச்சும்மா. நானும்தான் போட்டேன்."

எஸ்.ஐ. இருவரையும் அங்கேயே பாஸ்வேர்டு மாற்றவைத்தார். கணக்கு மாறிவிட்டது என்று யார் எழுதினாலும், மெயிலில் இருக்கும் நம்பருக்குப் பேசாமல், முன்பே தெரிந்த நம்பருக்குப் பேசிக் கேட்கச் சொன்னார்.

திரும்பும்போது கார் எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டுகையில்தான் செல்வமாரிக்கு உறைத்தது. அடுத்த தெரு ஆபீஸுக்கும் அதே கம்பெனிதான் குச்சி அனுப்புகிறது. அங்கே கணக்கு பார்க்கும் காளீஸ்வரிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, புது அக்கவுண்டுன்னு ஏதாச்சும் மெயில் வந்துச்சா?"

"ஆமாட்டி, இப்பத்தான் பணம் போடுதேன். ஓடிபி வந்திருக்கு."

"போடாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட காளீஸ்வரி அந்த மெயிலைக் கடைசி வரிவரை மறுபடி படித்தாள். பிறகு, "எங்க வீட்டுக்காரர் ஆபரேஷனப் பத்தில்லா கேட்டிருக்கான், செல்வமாரி" என்றாள்.

முடக்கிய பணம் மார்கழியில்தான் திரும்பி வந்தது. ராமசுப்பு அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. மீதியை எடுத்தவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.